சரிவுக்குப் புல் நட்ட வருஷம்

எங்கள் வீட்டுப் பின்சுவருக்கும் மலைக்கும் நடுவில் ஒரு ஆள் பக்கவாட்டில் நடக்கும் அளவுக்குத்தான் இடம். கல்யாணமாகி, நீலகிரியில் கேத்திக்கு மேலே இருந்த அந்த வீட்டுக்கு வந்த புதிதில், சமையலறை ஜன்னலைத் திறந்தால் தேயிலைச் செடியின் தூர் தெரிகிறது என்று அம்மாவுக்குப் போன் செய்து பெருமையாகச் சொன்னேன். கோயமுத்தூரில் எங்கள் ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி தெரியும். மலை தெரிவது முன்னேற்றம் என்றே நினைத்தேன். மகள் பிறந்த பிறகுதான், ஜன்னலில் தெரிவது மலையின் பாதம் மட்டும், மிச்சமெல்லாம் எங்கள் தலைக்கு மேலே நிற்கிறது என்பது உறைத்தது.

தேயிலை விலை விழுந்து கிடந்த வருடங்கள் அவை. ஆள் வைத்துக் கொழுந்து பறித்தால், விற்ற காசு கூலிக்கே போதாது. பலர் பறிக்காமலே விட்டுவிட்டார்கள். இடுப்பளவில் மேசை போல நிற்க வேண்டிய செடிகள் ஆள் உயரம் வளர்ந்து, பூத்துக் காய்த்து, தாம் உண்மையில் மரங்கள்தான் என்று ஊருக்கே காட்டிக்கொண்டிருந்தன. என் கணவர் கணக்கு எழுதிய தேயிலை ஃபேக்டரி வாரத்தில் பாதிதான் ஓடியது. மீதி நாட்களில் அவர் வீட்டிலிருந்த பல்புகளைக் கழற்றித் துடைத்து மாட்டினார். வீடு அவ்வளவு வெளிச்சமாக அதற்கு முன்பும் இருந்ததில்லை, பின்பும் இருந்ததில்லை.

தோட்டம் என் மாமனாருடையது. அவிநாசியில் மளிகைக்கடை வைத்திருந்தவர், கடையைக் கொடுத்துவிட்டு ஆசையாக வாங்கிய சின்னத் தோட்டம். தேநீரை எடைபோடுவதில் தனக்கு நிகர் யாருமில்லை என்பது அவருடைய நம்பிக்கை. கண்ணாடி டம்ளரில்தான் குடிப்பார். முதலில் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து நிறம் பார்ப்பார். பிறகு சத்தமாக ஒரு வாய் உறிஞ்சித் தீர்ப்புச் சொல்வார். 'ஸ்ட்ராங்கு', 'லைட்டு', 'கெட்டுது' என்று மூன்றே தீர்ப்புகள். நான் போடும் தேநீர் பெரும்பாலும் மூன்றாவதில் விழும்.

விலை விழுந்ததும், வீட்டுக்குப் பின்னால் இருந்த சரிவில் வயதான தேயிலைச் செடிகளைப் பிடுங்கிவிட்டு, கேத்திக் காய்கறிக்காரர் ஒருவருக்கு அந்த இடத்தைக் காரட் போட விட்டார் மாமனார். காய்கறிக்காரர் கொத்தினார், விதைத்தார், மருந்தடித்தார், பிடுங்கினார், மறுபடி கொத்தினார். காரட் அருமையாக விளைந்தது. ஐப்பசி மழையில் சரிவு மண் கரைந்து இறங்கியது. வீட்டுப் பின்னால் ஓடும் வாய்க்காலை நிரப்பி, பின்கதவுக்கு அடியில் புகுந்து, சமையலறைக்குள் செம்மண் குழம்பாக வந்து நின்றது. அதில் ஒரு காரட்டும் மிதந்து வந்தது. மாமனார் அதை எடுத்துக் கழுவி வைத்தார்.

"பாரு, ஊடு தேடி வருது" என்றார்.

எனக்குச் சிரிக்க வரவில்லை. சமையலறையை ஒட்டிய பின்னறையில்தான் மகளின் கட்டில் இருந்தது. இந்த முறை சமையலறைக்கு வந்தது அடுத்த முறை அங்கே வராதா? அன்றே கட்டிலை இழுத்துக்கொண்டு வந்து கூடத்தில் போட்டேன். கூடம் மாமனார் படுக்கும் இடம். மூன்று வயதுக்காரியோடு ஒரே இடத்தில் தூங்குவது எப்படி என்பதை அவர் அந்த வருடம்தான் கற்றுக்கொண்டார். விடியும் முன்பே அவள் எழுந்து, தாத்தாவின் மூக்கு இன்னும் அதே இடத்தில் இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பாள்.

"ஏம்மா, மண்ணு ஒரே ஒரு தடவ வந்துச்சு. அதுக்காகக் கட்டில வருசம் பூரா நடு ஊட்டுல போடறதா?" என்று கேட்பார்.

"சரிவு நிக்கட்டுங்க மாமா. அப்பறம் கட்டிலு உள்ள போகும்."

அப்படிச் சொல்லிவிட்டேனே தவிர, சரிவை எப்படி நிற்க வைப்பது என்று தெரியவில்லை. கல்லூரியில் தாவரவியல் படித்திருந்தேன். அந்தப் படிப்பு அதுவரை எனக்குக் கீரை வாங்க மட்டுமே உதவியிருந்தது. அந்த நாட்களில்தான், தெருமுனைத் தண்ணீர்க்குழாய் பக்கம் படர்ந்து கிடந்த புல் என் கண்ணில் பட்டது. ஊட்டியில் புல்வெளி என்று எல்லோரும் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்வார்களே, அதே கிக்குயுப் புல். தரையோடு படர்ந்து, கணுவுக்குக் கணு வேர்விடும். மாடு மேய்ந்தாலும் மனிதன் மிதித்தாலும் மறுபடி துளிர்க்கும். குழாயடியில் சுற்றிலும் மண் அரித்துப் போயிருந்தது. புல் இருந்த திட்டு மட்டும் தீவு மாதிரி உயரமாக நின்றது.

இரவு சாப்பாட்டின்போது கணவரிடம் சொன்னேன். சொல்வதற்கு முன் பகல் முழுக்க மனதுக்குள் பேசிப் பழகியிருந்தேன்.

"காரட்டு போட்டா ஒவ்வொரு போகத்துக்கும் மண்ணக் கொத்தித் தொறக்கறோமுங்க. வேரையும் நாமளே புடுங்கி வித்தர்றோம். மழைக்கு மண்ணப் புடிச்சுக்க அங்க என்ன இருக்குது? புல்லுன்னா ஒருக்கா நட்டாப் போதும். மேல அறுத்துக்கலாம், வேரு அப்படியே இருக்கும். வருசா வருசம் எறங்கிட்டே இருக்கும். மழத்தண்ணி எலையில விழுந்து, மெதுவா வேரு வழியா உள்ள போயிரும்."

"தேயிலத் தோட்டத்துல புல்லு நடறதா?" என்று கேட்டார் அவர். "கெணத்துக்குள்ள இருந்துட்டு தண்ணி லாரி கூப்பிடற மாதிரி இருக்குது, அம்மிணி. களையெடுக்கத்தான் ஊரே கூலி குடுக்குது."

"அதத் தின்ன ஒரு மாடு வாங்கலாமுங்க. பாப்பாவுக்குப் பாலு. சாணி தேயிலைக்கு. மூட்டை உரம் கொறையும். நடுவுல வெள்ளைப் பூப் பூக்கற குளோவர் வெதச்சா, அது காத்துல இருந்து சத்து எடுத்து மண்ணுக்குக் குடுக்கும்."

கைகழுவிக்கொண்டிருந்த மாமனார் திரும்பிப் பார்த்தார். மண், வேர், சத்து எல்லாம் அவரைத் தொட்டதாகத் தெரியவில்லை. பால் தொட்டது. தேநீருக்குக் கறந்த பால்!

"ஐப்பசி மழை வரைக்கும் பாக்கறேன்" என்றார். "அந்த மழையில மண்ணு உள்ள வந்துச்சுன்னா அடுத்த போகம் காரட்டுதான். வல்லீன்னா கட்டிலு அன்னைக்கே உள்ள போயிரோணும்."

ஆனி மாதச் சாரலில் நட்டோம். குழாயடியிலிருந்து சாக்கில் அள்ளி வந்த கொடிகளைத் துண்டு துண்டாக வெட்டி மண்ணுக்குள் அழுத்தினேன். மகளும் நட்டாள். அவள் நட்டதில் பாதி தலைகீழ். அவையும் முளைத்தன. அந்தப் புல்லின் மேல் எனக்கு நம்பிக்கை வந்தது அங்கேதான். ஆவணி பிறந்தபோது சரிவு முழுக்கப் பச்சை ஏறியிருந்தது. குளோவர் மூன்று மூன்று இலையாக எட்டிப் பார்த்தது. நான் தினம் காலையில் ஒரு கொடியை மெதுவாக இழுத்துப் பார்ப்பேன், வேர் பிடித்திருக்கிறதா என்று. அப்படி இழுத்து இழுத்தே சிலவற்றைக் கையோடு கொண்டு வந்துவிட்டேன்.

ஜெர்சிக் கலப்புப் பசு ஒன்று வந்தது. குளோவர் அதிகமாகத் தின்றால் மாட்டுக்கு வயிறு ஊதும் என்று படித்திருந்தேன். அதனால் புல்லோடு கலந்துதான் போடுவேன். போட்ட பிறகும், மகளுக்குப் பால் கொடுத்துவிட்டு வயிற்றைத் தொட்டுப் பார்ப்பதுபோல மாட்டின் விலாவை அழுத்திப் பார்ப்பேன். மாடு அசைபோடுவதை நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்க்கும். என் மகள் பார்க்கும் அதே பார்வை.

அறுக்கும் வேலையை மாமனார் மெல்லத் தன் கைக்குள் எடுத்துக்கொண்டார். தேயிலைக்காரரால் எதையும் அடியோடு அறுக்க முடியாது. தேயிலை வெட்டும் கவாத்துக் கத்தியோடு ஏறி, ஒரு சாண் விட்டு, கொழுந்து பறித்த செடி மாதிரி மேலே மட்டமாக வெட்டினார். ஒரு இடத்தில் ஏறி இறங்கியிருந்தால் அவருக்குப் பொறுக்காது. "அங்க பாரு, மட்டம் போச்சு" என்று மறுபடி ஏறுவார். அது புல்லுக்கும் நல்லதாகவே அமைந்தது. அடியில் தழை மிச்சமிருந்ததால் சீக்கிரம் துளிர்த்தது.

அந்த நாட்களில் ஊர்க்காரர்கள் எங்களிடம் விசேஷமான அன்போடு இருந்தார்கள். மேல்பாதையில் பஸ்ஸுக்குப் போகும் பெண்கள் நின்று, எங்கள் சரிவைப் பார்த்து, பிறகு என்னைப் பார்ப்பார்கள்.

"ஊட்டுல எல்லாரும் நல்லாருக்கீங்களா, அம்மிணி?"

"நல்லாருக்கோமுங்க."

"ஊட்டுக்காரருக்கு வேலையெல்லாம்…?"

"இருக்குதுங்க. பாதி நாளு போறாரு."

எதிர்வீட்டு அக்கா ஒரு பூசணிக்காய் கொண்டு வந்து கொடுத்தார். அவர் எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பவர். விலை விழுந்ததில் அவருக்கும் வேலை பாதியாகியிருந்தது. இன்னொருவர் மடியிலிருந்து உருளைக்கிழங்கை எடுத்துத் திண்டில் வைத்துவிட்டுப் பேசாமல் போனார். மலைக்காரர்களுக்கு எவ்வளவு ஈரமான மனசு என்று அம்மாவுக்குப் போன் செய்தேன்.

புரட்டாசியில் கோயமுத்தூரில் சித்தி வீட்டு வளைகாப்பு. போகலாமா வேண்டாமா என்று நான் யோசித்த யோசனையில் இரண்டு வளைகாப்பு நடத்தியிருக்கலாம். மாடு இருக்கிறது, சரிவு இருக்கிறது. போகாவிட்டால் சித்தி கோபிப்பார். கடைசியில் மகளோடு இறங்கினேன். தினம் சாயங்காலம் போன் செய்தேன்.

"சரிவு எப்படி இருக்குதுங்க மாமா?"

"சரிவு சரிவாத்தான் இருக்குது. வெய்யி போன."

கடைசி நாள் மட்டும் கொஞ்சம் சந்தோஷமாகப் பேசினார். "நீ வந்து பாரு" என்றார். அந்தச் சந்தோஷத்தைச் சந்தேகித்திருக்க வேண்டும்.

பஸ்ஸை விட்டு மேல்பாதையில் இறங்கி வளைவு திரும்பினால் எங்கள் வீட்டுக் கூரையும் அதன் பின்னால் சரிவும் தெரியும். தெரிந்தது. சுத்தமாக, சீவி விட்ட தலை மாதிரி, முழுச் செம்மண்ணாகத் தெரிந்தது. ஒரு புல் இல்லை.

எப்படிப் படியிறங்கினேன் என்று நினைவில்லை. பின்னால் வந்த மகள், "அம்மா, நம்ம மலைக்கு மொட்டையா?" என்று கேட்டது நினைவிருக்கிறது.

மாமனார் வாசலிலேயே நின்றிருந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"பாத்தியா? எப்படிப் பளிச்சுனு இருக்குது! எதிரூட்டு அக்கா ஒரு கும்பலையே கூட்டிட்டு வந்துட்டா. காலையில எறங்குனாங்க, மத்தியானத்துக்குள்ள முடிச்சுட்டாங்க. கூலி வேண்டாம்னு ஒரே பிடிவாதம். சரி, நீதான் மனசு மாறிச் சொல்லி உட்டுட்டுப் போயிருக்கறேன்னு நெனச்சேன். ரெண்டு வாட்டி டீ போட்டுக் குடுத்தேன். ஸ்ட்ராங்கு."

எனக்கு அப்போதுதான் புரிந்தது, பூசணிக்காய் உட்பட. தேயிலை ஊரில் களை ஏறிக் கிடக்கும் தோட்டம் என்றால் ஒரே அர்த்தம்தான். அந்த வீடு நொடித்துவிட்டது, ஆள் வைக்க வழியில்லை, வெளியே சொல்லவும் முடியவில்லை. நான் ஊரில் இல்லாத நேரம் பார்த்து, எனக்கு வெட்கமாக இருக்கக் கூடாதென்று, அந்தப் பெண்கள் ஓசையில்லாமல் வந்து எங்கள் மானத்தைக் காப்பாற்றிவிட்டுப் போயிருந்தார்கள்.

கணவர் அன்று மாலை அதைக் கேட்டதும் பல்பைத் துடைப்பதை நிறுத்தினார்.

"அப்போ ஊரே நம்மளக் கஷ்டப்படற குடும்பம்னு நெனச்சிருக்குது."

"கஷ்டப்பட்டுட்டுத்தானுங்களே இருக்கறோம்?"

"ஆமா. அது நமக்குத் தெரிஞ்சாப் பத்தாதா?"

எனக்கு ஊர் நினைப்பதைப் பற்றிக் கவலையில்லை. ஐப்பசி வரப்போகிறது, சரிவு கொத்திவிட்ட மண்ணாகக் கிடக்கிறது. காரட் வயலாக இருந்தபோதுகூட இவ்வளவு இளகிக் கிடக்கவில்லை. பின்கதவுக்கு மணல்மூட்டை வைக்கலாமா, மகளைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்கே போய்விடலாமா, அங்கே போனால் மாட்டை யார் பார்ப்பார்கள், மாட்டையும் பஸ்ஸில் ஏற்றுவார்களா என்றெல்லாம் யோசித்தேன். அக்காவிடம் சொன்னால் புல்லைத் திரும்ப நட ஆள் கிடைக்கும். ஆனால் எப்படிச் சொல்வது? 'நீங்க அன்பா செஞ்சது எனக்குப் பெரிய நஷ்டம்' என்று ஒரு மனுஷியின் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியுமா?

மறுநாள் வளைகாப்பு முறுக்கையும் லட்டையும் ஒரு தூக்கில் போட்டுக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனேன். வாசல்வரை ஒன்று பேசிப் பழகினேன். உள்ளே போனதும் வேறொன்று வந்தது.

"ரொம்ப… ரொம்ப நன்றிங்கக்கா."

"அட, இதுக்குப் போயி! நீயும் சின்னக் கொழந்தைய வெச்சுட்டு எத்தனதான் பாப்பே? இப்ப எங்களுக்கும் வேல கம்மி. சும்மா உக்காந்து கதை பேசற நேரத்துக்கு ரெண்டு புல்லப் புடுங்கறோம்."

"ஆமாங்கக்கா. புல்லு… நல்லாத்தான் வந்துருந்துச்சு."

"நல்லாவா? கண்ணு, என்ற சர்வீசுலயே அப்படி ஒரு புல்லப் பாத்ததில்ல! இழுக்க இழுக்க வருது, இல்லாட்டி அறுந்து வேரு உள்ளயே நின்னுக்குது. யாரோ வேணும்னே நட்ட மாதிரி!"

நான் முறுக்கைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தேன். என் மகள் லட்டை வாயிலிருந்து எடுத்தாள்.

"நாங்கதான் நட்டோம். நானு தலகீழா நட்டேன்."

அக்கா அவளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"ஏ சாமி! நெசமாவா?"

"மாட்டுக்குங்கக்கா. மண்ணுக்கும்."

அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அப்படியே சுவரோரம் சரிந்து உட்கார்ந்தார். அழுகிறார் என்று பதறிக் குனிந்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

"அடியே, எஸ்டேட்டுல புல்லப் புடுங்கி புடுங்கி என்ற இடுப்பே போச்சு. நீ காசு பணம் செலவு பண்ணி அத வளக்கறியா? வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்றதுக்கென்ன? பூசணிக்காயெல்லாம் குடுத்தனே, அப்பவாச்சும் கேக்க மாட்டியா?"

"சாம்பாருக்கு நல்லா இருந்துச்சுங்கக்கா."

அதற்கு இன்னும் கொஞ்சம் சிரித்தார். பிறகு எழுந்து, எதற்காகப் புல் என்று கேட்டார். நான் பின்னறையையும் கட்டிலையும் போன வருஷத்து மண்ணையும் சொன்னேன். சிரிப்பு நின்றுவிட்டது. அக்காவின் வீட்டுக்குப் பின்னாலும் ஒரு சரிவு உண்டு.

ஞாயிற்றுக்கிழமை அதே கும்பல் வந்தது. பிடுங்கிய புல்லில் பாதியை மாடு தின்றிருந்தது. மீதியைச் சரிவின் மேல்மூலையில் குவித்திருந்தார்கள். புரட்டாசித் தூறலில் அந்தக் குவியலே வேர்விட்டிருந்தது. தூக்கியெறிந்த இடத்தில் அது குடித்தனம் நடத்திக்கொண்டிருந்ததைப் பார்த்து ஒரு பெண், "இதுக்குச் சூடு சொரணையே இல்ல" என்றாள். கொடிகளைச் சரிவுக்குக் குறுக்கே வரிசையாக நடச் சொன்னேன், ஒவ்வொரு வரிசையும் தண்ணீரைத் தடுக்கும்படி. அவர்களோ தேயிலைக் கன்று வைக்கும் பழக்கத்தில், ஒரு வரிசையின் இடைவெளிக்கு நேராக அடுத்த வரிசையின் கொடி வரும்படி நட்டுக்கொண்டே போனார்கள்.

"எஸ்டேட்டு மேஸ்திரி இப்பப் பாத்தார்னா மயக்கம் போட்டு விழுந்துருவாரு."

"புல்லு நட்டதுக்குக் கூலிக் கணக்குல பேரு போடுவாரா?"

"போட்டாலும் அரைப் பேருதான் போடுவாரு!"

மாமனார் மறுபடி தேநீர் போட்டார். இந்த முறை கொஞ்சம் அமைதியாக இருந்தார். ஒரு வரிசை கோணலாகப் போவதைச் சுட்டிக்காட்டியதோடு சரி.

நட்ட கொடிகளோடு, அக்கா சொன்னபடி அறுந்து உள்ளேயே நின்ற வேர்களும் துளிர்த்தன. இரண்டும் சேர்ந்து சரிவு மறுபடி பச்சையானது. ஆவணியில் இருந்த அடர்த்தி இல்லை. போதுமா போதாதா என்று நான் ஒரு நாளைக்குப் பலமுறை அளந்தேன். கையால்தான், வேறு அளவுகோல் இல்லை.

ஐப்பசி மழை ஒரு காலையில் தொடங்கி, நிறுத்தும் எண்ணமே இல்லாமல் பெய்தது. மறுநாள் மத்தியானம்வரை நான் பின்கதவை விட்டு நகரவில்லை. துணி, சாக்கு, முறம் எல்லாம் தயாராக வைத்திருந்தேன். முறம் எதற்கென்று கணவர் கேட்டார். எனக்கும் தெரியவில்லை. பின்சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். சில்லென்று இருந்தது. சில்லென்றிருந்தால் நல்லதா கெட்டதா?

அப்போது மாமனார் குடையைப் பிடித்துக்கொண்டு பின்கதவைத் திறந்து வெளியே போனார். வாய்க்காலோரம் குந்தினார். இடுப்பிலிருந்து தன் கண்ணாடி டம்ளரை எடுத்தார். ஓடுகிற தண்ணீரை மொண்டு, வானத்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"மாமா, குடிச்சுராதீங்க!" என்று கத்தினேன்.

அவர் திரும்பவில்லை. டம்ளரைச் சாய்த்துச் சாய்த்து நிறம் பார்த்தார். போன வருஷம் இதே வாய்க்காலில் ஓடியது பாயசம் போன்ற செம்மண். இப்போது டம்ளருக்கு அந்தப்பக்கம் அவருடைய விரல்கள் தெரிந்தன.

"லைட்டு" என்றார்.

முழுதாக ஜெயித்துவிட்டோம் என்று சொல்ல முடியாது. மாட்டுக்கொட்டகைப் பக்கத்து மூலையில் கொடி பத்தாமல் விட்ட இடத்தில் ஒரு கூடை மண் சரிந்து வாய்க்காலில் விழுந்தது. இதை 'மண் வந்தது' என்ற கணக்கில் சேர்ப்பதா வேண்டாமா என்று நானே பஞ்சாயத்தைக் கிளப்பினேன். யாரும் கேட்காமலேதான்.

"உள்ள வந்துச்சா?" என்று கேட்டார் மாமனார்.

"வல்லீங்க. ஆனா வந்திருக்கலாமுங்க."

"வந்திருக்கலாம்னா, என்ற மூக்குங்கூட இந்நேரம் எங்கியாச்சும் போயிருக்கலாம்" என்றார்.

மழை விட்டதும் காய்கறிக்காரர் வந்தார். அடுத்த போகத்துக்கு அந்த இடத்தை விடுகிறீர்களா என்று கேட்டார். மாமனார் அவருக்கு ஒரு டம்ளர் தேநீர் கொடுத்தார். கறந்த பாலில் போட்டது. அவர் குடித்து முடிக்கும்வரை பொறுத்திருந்துவிட்டு, "அந்த எடத்த மாட்டுக்கு உட்டுட்டனுங்க" என்றார்.

அன்று சாயங்காலம் நான் அடுப்படியில் இருந்தபோது, கூடத்திலிருந்து ஏதோ தரையில் தேயும் சத்தம். எட்டிப் பார்த்தேன். மாமனார் மகளின் கட்டிலைத் தனியாக இழுத்துக்கொண்டிருந்தார். அவள் கட்டிலின் மேல் உட்கார்ந்து, "வெரசாப் போங்க அப்பாரு" என்று தாத்தாவை ஓட்டிக்கொண்டிருந்தாள். பின்னறை வாசலுக்கு வந்ததும் நான் ஓடிப்போய்க் காலைப் பிடித்துக்கொண்டேன். கட்டிலின் காலைத்தான்.

"மாமா, இன்னைக்கு ஒரு நாளு நெலப்படியில கெடக்கட்டுமுங்க. பாதி உள்ள, பாதி வெளிய."

மாமனார் என்னைப் பார்த்தார். பின்னறைக்குள் போய்ச் சுவரில் உள்ளங்கையை வைத்தார், நான் வைப்பதைப் போலவே. பிறகு ஜன்னலைத் திறந்தார். ஈரப்புல் வாசம் உள்ளே வந்தது. வெளியே மாடு அசைபோடும் சத்தம் கேட்டது.

"புல்லு நட்டது நீதான?" என்றார்.

"ஆமாங்க."

"அப்பறம் நீயே நம்பலீன்னா எப்படி?"

கையை எடுத்தேன். கட்டில் உள்ளே போனது. மறுநாள் காலையில் மாமனார், கூடத்தில் இவ்வளவு இடம் இருப்பதே இப்போதுதான் தெரிகிறது என்றார். நான் சுவரில் கை வைத்துப் பார்த்தேன். சில்லென்றுதான் இருந்தது. ஜன்னல் வழியே எட்டிப் பிடிக்கும் தூரத்தில் இருந்த கொடி ஒன்றை மெதுவாக, மிக மெதுவாக இழுத்துப் பார்த்தேன். வரவில்லை.